தடாதகைக்கு முடி சூட்டிய தந்தை

சித்திரைப் பெருவிழாவின் எட்டாம் நாளன்று மதுரையில் அன்னை மீனாட்சிக்குத் திருமுடி சூட்டிச் செங்கோல் வழங்கும் வைபவத்தைக் கண்ணாரக் கண்டவர்கள் நம் வாசக அன்பர்களில் பலர் இருப்பர். அன்று தொடங்கி, ஆவணியில் சுந்தரேசப் பெருமானுக்குப் பட்டாபிஷேகம் நிகழும்வரை அங்கு அன்னையின் ஆட்சியே என்பது ஐதிகம். அவ்வேளையில் அன்னையை நினைக்கும் நாம், அவளை வளர்த்த மலயத்துவச பாண்டியனை நினைப்பது குறைவு.

மகப்பேறு வேண்டி வேள்வி செய்தவன் அவன். தீயினின்று தோன்றியதோ ஒரு பெண் குழந்தை. மன்னன் மனம் வாடி நின்றபோது, மைந்தனுக்குரிய சடங்குகளை இவளுக்கே செய்து, தடாதகை எனப் பெயரிட்டு, முடியும் சூட்டுக என அசரீரி எழுந்ததாகத் திருவிளையாடற் புராணம் உரைக்கிறது. அவன் அவ்வாறே கலைகளைக் கற்பித்தான். படைக்கலப் பயிற்சியும் அளித்தான். தான் வாழும் காலத்திலேயே முடியையும் சூட்டினான்.

பெண்ணுரிமை என்றதும், அது பெண்கள் பேசவேண்டிய செய்தி என்று ஒதுங்கிக்கொள்ளும் இயல்பு நம் வயதையொத்த ஆண்களிடம் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கிப் பணியில் இருந்த எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. தந்தை காலமானபின் அவருடைய வைப்புத்தொகையைப் பெற வாரிசுகள் வருவர். மகன் காகிதங்களை எடுத்துக் கொடுப்பார். வெளியூரிலிருந்து பேருந்தில் வந்த சகோதரிகள், தங்கள் பங்கு வேண்டாம் என்னும் கடிதத்தில் கையொப்பமிடுவர். "படித்துப் பாருங்கள் அம்மா" என்றால், "அண்ணன் சொன்னால் சரிதான் சார்" என்பதே பெரும்பாலும் மறுமொழி. மனமுவந்து விட்டுக்கொடுத்தவர்களும் அவர்களில் உண்டு. ஆனால், மறுத்தால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்ற அச்சத்தில் கையொப்பமிட்டவர்களின் முகத்தை வேறுபடுத்திக் காண்பது கடினமன்று.

"கல்யாணம் செய்து கொடுத்தோம், சீர் செய்தோம், இன்னும் என்ன பங்கு?" என்பர். சீர் என்பது அன்பின் அடையாளம். பங்கு என்பது உரிமை. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைக் கழித்துக்கொள்ளும் கணக்கை எந்த வங்கியும் ஏற்காது!

சட்டம் இதில் நெடுந்தொலைவு நடந்து வந்திருக்கிறது. விருப்ப ஆவணம், அதாவது உயில், எழுதாமல் ஓர் இந்து ஆண் காலமானால், அவருடைய சுயார்ஜித சொத்தில் தாய், மனைவி, மகன், மகள் அனைவருக்கும் சமபங்கு என 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே கூறிவிட்டது. பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்திலும் மகளுக்குப் பங்கு உண்டு என 1989-இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. ஆயினும் அதற்கு முன் மணமானவர்களுக்கு அது பயன்படவில்லை. 2005-ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. அத்திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுவதில்லை, இவ்வுரிமை பிறப்பாலேயே வருவது என 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பதிவாகி முடிந்த பாகப்பிரிவினைகளை இது கலைக்காது.

இவ்வளவும் இருந்தும், சுயார்ஜித சொத்தை விரும்பியவருக்கு எழுதிவைக்கத் தந்தைக்கு முழு உரிமை உண்டு. சட்டம் தந்ததை அவரது பேனா ஒரே வரியில் எடுத்துவிடக்கூடும். ஆகவேதான் இது ஆண்கள் கருதவேண்டிய செய்தி என்கிறேன்.

சட்டத்திலேயே மிச்சமுள்ள குறை ஒன்றையும் தந்தையர் அறியவேண்டும். மணமாகிச் சில மாதங்களிலேயே கணவனை இழந்து, புகுந்த வீட்டாரால் வெளியேற்றப்பட்ட ஒரு பெண், பெற்றோரிடம் திரும்பி, கல்வி கற்று, வேலை பார்த்துப் பொருள் சேர்த்தார். 1996-இல் உயில் எழுதாமல் காலமானார். குழந்தை இல்லை. அவர் உழைத்துச் சேர்த்த பணம் பெற்ற தாய்க்குப் போகவில்லை; கணவனுடைய சகோதரியின் மக்களுக்கே உரியது என 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் வாசகம் அப்படி. பரிவு வேறு, சட்டம் வேறு என நீதிமன்றம் கருதியது. உங்கள் மகள் வேலைக்குச் செல்பவராயின், அவரையும் ஓர் உயில் எழுதச் சொல்லுங்கள்.

சகோதரர்களுக்கு இதில் நன்மையில்லை என எண்ணவேண்டா. சகோதரியின் ஒப்புதல் இல்லாத வீட்டை அடமானமாக ஏற்க வங்கியின் வழக்கறிஞர் தயங்குவார். வாங்க வருபவரும் பின்வாங்குவார். இது சிறிய காரணம். பெரிய காரணம், தாய்க்கு உடல்நலம் குன்றினால் மருத்துவமனையில் இரவெல்லாம் கண் விழிப்பவர் பல வீடுகளில் அந்தச் சகோதரிதான். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டமும் மகன், மகள் இருவர் மீதும் கடமையை வைத்திருக்கிறது. கடமையில் சமம் என்று ஏற்றபின், பங்கில் மட்டும் வேறு தராசு எதற்கு?

செய்யவேண்டியது பெரிதன்று. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும். இரு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். சொத்தில் பங்கு பெறாதவர்களாக இருப்பது நலம். பதிவு கட்டாயமில்லை, செய்தால் பின்னர் வழக்கு குறையும். வைப்புக் கணக்கில் நாமினி எழுதியதே போதும் என்றும் இராதீர்கள். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர, அதனால் உரிமையாளர் ஆகிவிடமாட்டார். மகனும் மகளும் ஒன்றாக அமர்ந்திருக்கும் ஒரு நாளில் உயிலைப் படித்துக் காட்டிவிடுங்கள். மனைவியின் பங்கை முதலில் எழுதுங்கள். லாக்கர் சாவி எங்கே இருக்கிறது என்பதையும் அவரிடம் சொல்லிவையுங்கள்.