எச் பூஜ்யமா, இல்லையா?

முதல் செமஸ்டர் ரிசல்ட் வருகிற நாளில் பொறியியல் கல்லூரி ஹாஸ்டல்களில் அதிகம் காதில் விழுவது, “எம்-ஒன் கிளியரா, அரியரா?” என்கிற விசாரிப்புதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் எம்-ஒன் எனப்படும் இந்த முதல் கணிதத் தாளுக்கு ‘அணிகளும் நுண்கணிதமும்’ என்று பெயர். ஐந்து யூனிட். அணிகள் முதலில் வந்து போய்விடும். இரண்டாவது யூனிட்டில் ஆரம்பிக்கிறது வகை நுண்கணிதம்: சார்பு, எல்லை, தொடர்ச்சி, வகையிடல் விதிகள், பெருமம், சிறுமம். பல மாறிகள் கொண்ட சார்புகள், தொகையீடு, இரட்டைத் தொகையீடு என்று பின்னால் வரும் மூன்று யூனிட்டுகளும் இதை நம்பித்தான் நிற்கின்றன. இங்கே கால் வழுக்கினால் தாள் முழுக்க வழுக்கும்.

பிளஸ் டூ கணக்கில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய பிள்ளைகளும் வழுக்குகிறார்களே, ஏன்? எல்லாம் பள்ளியில் படித்ததுதானே என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எல்லையும் தொடர்ச்சியும் வகையிடலும் அறிமுகமாவது பதினோராம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில். பன்னிரண்டாம் வகுப்பில் வருவது அவற்றின் பயன்பாடு. நம் தனியார் பள்ளிகள் பலவற்றில் பதினோராம் வகுப்பு பெயரளவுக்குத்தான் நடந்தது; பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருடம் ஓட்டினார்கள். அதைத் தடுக்கத்தான் 2018-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 கல்வியாண்டிலிருந்து அந்தத் தேர்வு இல்லை. பிள்ளைகளுக்குச் சுமை குறைகிறது, சரி. பழைய பழக்கம் திரும்பினால், அது வெளிச்சத்துக்கு வருவது கல்லூரியின் முதல் செமஸ்டரில்தான்.

இன்னொரு காரணம் பேப்பர் திருத்துகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். நுண்கணிதத் தாளில் போகிற மார்க்கில் நிறைய, எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவால் போகிறது. ‘ஒன் பை எக்ஸ்’ஸை ஃபர்ஸ்ட் பிரின்சிபிளில் வகையிடச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். எக்ஸை எச் என்ற சிறு அளவு நகர்த்தி, ‘ஒன் பை எக்ஸ் பிளஸ் எச்’சிலிருந்து ‘ஒன் பை எக்ஸ்’ஸைக் கழித்து, எச்சால் வகுக்க வேண்டும். பகுதியைச் சமமாக்கினால் மேலே மைனஸ் எச் மட்டும் மிஞ்சும். அது கீழே இருக்கிற எச்சோடு அடிபட்டுப் போகும். கணக்கே அவ்வளவுதான். ஆனால் விடைத்தாளில் ‘ஒன் பை எக்ஸ் பிளஸ் எச்’ இரண்டாகப் பிளந்து, ‘ஒன் பை எக்ஸ்’ஸும் ‘ஒன் பை எச்’சுமாக உட்கார்ந்திருக்கும். அதே கையெழுத்தில் இரண்டு பக்கம் தள்ளிப் பார்த்தால் சங்கிலி விதிக் கணக்கு ஒரு பிழையில்லாமல் போட்டிருக்கும். விதி மனப்பாடம், இடிப்பது பின்னம்.

விதிகளைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். எக்ஸ் ஸ்கொயரை வகையிட்டால் டூ எக்ஸ் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த டூ எக்ஸ் எதன் அளவு என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும்.

ஒரு கல்லை உயரத்திலிருந்து போடுகிறோம். காற்றுத் தடையை விட்டுவிட்டால், டி விநாடியில் அது விழும் தூரம் டி ஸ்கொயரை 4.9-ஆல் பெருக்கினால் வரும் மீட்டர். சரியாக இரண்டாவது விநாடியில் கல்லின் வேகம் என்ன? தூரத்தை நேரத்தால் வகுக்க வேண்டும். ‘சரியாக’ என்று சொல்லிவிட்ட பிறகு வகுக்க நேரம் ஏது? அதனால் சற்று நகர்ந்து பார்க்கிறோம். 2-லிருந்து 3 விநாடி வரைக்கும் சராசரி வேகம் விநாடிக்கு 24.5 மீட்டர். 2-லிருந்து 2.1 வரைக்கும் 20.09. 2.01 வரைக்கும் 19.649. 2.001 வரைக்கும் 19.6049. இந்த எண்கள் 19.6-ஐ நோக்கிப் போகின்றன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லை என்பது அதுதான், வகைக்கெழு என்பதும் அதுதான். என்னைக் கேட்டால், முதல் வகுப்பு முழுவதையும் ஃபார்முலாவே இல்லாமல், கால்குலேட்டரைக் கையில் கொடுத்து இதற்கே செலவழிக்கலாம்.

அப்படிச் செய்துவிட்டு, நகர்ந்த அந்தச் சிறு நேரத்தை எச் என்று வைத்து எழுதினால், மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு கை உயரும். “சார், முதல்ல எச்சால வகுக்கிறோம், அப்ப எச் பூஜ்யம் இல்ல. அடுத்த வரியிலேயே எச்சுக்குப் பூஜ்யம்னு போடறோம். எது சார் நிஜம்?” ‘அது ரூல், எழுதிக்கோ’ என்று அந்தக் கையை இறக்கிவிடுவது எளிது. ஆனால் இதே கேள்வியை 1734-ல் ஒரு நூலாகவே எழுதிக் கேட்டவர் அயர்லாந்து பிஷப்பும் தத்துவவாதியுமான ஜார்ஜ் பெர்க்லி. ஜெர்மனியின் லைப்னிட்ஸ் வகையிடல் விதிகளை அச்சில் வெளியிட்டது 1684-ல். ஐம்பது வருடமாக எல்லோரும் அந்த விதிகளை வைத்துக் கோள்களின் பாதை வரைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். விடையும் சரியாக வந்துகொண்டிருந்தது. ஏன் சரியாக வருகிறது என்பதற்கு மட்டும் யாரிடமும் உறுதியான பதில் இல்லை. எல்லை என்ற கருத்தை அஸ்திவாரமாக வைத்து பிரான்ஸின் கோஷி பாடநூல் எழுதியது 1821-ல். இன்று நாம் படிக்கும் கறாரான எப்சிலான்–டெல்டா வடிவம் ஜெர்மனியின் வயர்ஸ்ட்ராஸ் கைக்கு வந்த பிறகுதான் கிடைத்தது. அதாவது விதி முதலில், விளக்கம் ஒன்றரை நூற்றாண்டு கழித்து. மூன்றாவது பெஞ்ச் பிள்ளை மக்கு இல்லை. ஐரோப்பாவின் பெரிய தலைகளுக்கே வியர்த்த இடத்தைத் தொட்டிருக்கிறான்.

பி.எஸ்ஸி. கணிதத்துக்குப் போகிறவர்களுக்கு அந்தக் கறாரான வடிவம் கட்டாயம் வேண்டும். நாராயணன் – மாணிக்கவாசகம் பிள்ளை எழுதிய ‘கால்குலஸ்’ புத்தகத்தின் பயிற்சிக் கணக்குகளைப் போட்டே தமிழ்நாட்டில் தலைமுறைகள் டிகிரி முடித்தன. பொறியியல் மாணவருக்கு எப்சிலான்–டெல்டா இல்லாமலும் காலம் ஓடும். அவருக்கு வேண்டியது வேறு.

அது என்ன என்று ஓர் அட்டைப்பெட்டியில் பார்த்துவிடலாம். 12 அங்குலச் சதுர அட்டை. நான்கு மூலையிலும் ஒரே அளவு சதுரம் வெட்டி, ஓரங்களை மடித்தால் மூடியில்லாத பெட்டி. எவ்வளவு வெட்டினால் அதிகம் கொள்ளும்? 1 அங்குலம் வெட்டினால் 100 கன அங்குலம். 3 வெட்டினால் 108. சமன்பாட்டை எழுதி வகையிட்டுப் பூஜ்யத்துக்குச் சமப்படுத்தினால் 2, 6 என்று இரண்டு விடை வரும். 6 வெட்டினால் அட்டையே மிஞ்சாது. ஆக 2, கொள்ளளவு 128. வகையிடும் வேலை இரண்டு வரிதான். அட்டையிலிருந்து சமன்பாட்டுக்கு வருவதும், 6-ஐத் தள்ளிவிட வேண்டும் என்று உணர்வதும்தான் படிப்பு. கொஸ்டின் பேங்க்கை உருப்போட்டவர்கள் நின்றுபோவது இந்த இரண்டு இடங்களில்தான்.

இதற்கு மருந்தாக நம் கல்லூரிகள் வைப்பது பிரிட்ஜ் கோர்ஸ், கடைசி நேர ‘இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்’. இரண்டிலும் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. அதற்குக் காரணம், 1970-களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு. (அந்த ஊருக்குப் பெயர் மேலே சொன்ன பிஷப்பின் நினைவாக வைத்ததுதான்.) முதலாண்டு நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் அதிகம் தோற்பதைப் பார்த்த, அங்கே ஆய்வு மாணவராக இருந்த யூரி டிரைஸ்மேன், அவர்களும் சீன வம்சாவளி மாணவர்களும் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து கவனித்தார். அடிப்படை போதாது, அக்கறை இல்லை என்று ஆசிரியர்கள் சொன்ன காரணங்கள் பொருந்தவில்லை. கறுப்பின மாணவர்கள் கடுமையாக உழைத்தார்கள், ஆனால் தனியாக. சீன வம்சாவளிப் பிள்ளைகள் மாலையில் கூடி உட்கார்ந்து, ஒருவர் விடையை இன்னொருவர் சரிபார்த்து, தவறை அங்கேயே பிடித்தார்கள். டிரைஸ்மேன் எளிய பாடம் எதையும் நடத்தவில்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாக உட்கார வைத்தார். அல்ஜீப்ரா ஓட்டைகள் அந்தக் கணக்குகளைப் போடும்போதே அடைபட்டன, மதிப்பெண்ணும் ஏறியது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு ஆங்கில லெக்சரில் கேள்வி கேட்கக் கூச்சப்படும் நம் பிள்ளைக்கு, பக்கத்து நாற்காலி நண்பனிடம் தமிழிலேயே கேட்கக் கிடைக்கும் வாய்ப்பு இன்னும் பெரிய உதவி.

வீட்டில் தனியாகப் பார்க்க எம்.ஐ.டி.யின் முதலாண்டு நுண்கணித வகுப்புகள் முழுவதும் இணையத்தில் இலவசம். கில்பர்ட் ஸ்ட்ராங்கின் ‘கால்குலஸ்’ நூலும் அப்படியே. வீடியோ பார்ப்பது கணக்குப் போடுவது ஆகாது, அது வேறு.

கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டம் இந்தத் தாளுக்கு வாரம் மூன்று மணி நேர லெக்சரோடு ஒரு மணி நேரம் டுட்டோரியல் ஒதுக்கியிருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தையும் போர்டில் சிலபஸ் முடிக்க எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளை நாலு நாலு பேராக உட்கார வைத்து, அட்டைப்பெட்டி மாதிரி ஒரே ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு, கேட்டால் மட்டும் பக்கத்தில் போங்கள்.