எழுதப்பட்ட உரிமை

சேலத்தில் வழக்குரைஞர் தொழிலைத் தொடங்கிய இளைஞர் ஒருவர், சிறிது காலத்திலேயே தாமே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேர்ந்தது. அவர் சேலம் சி. விஜயராகவாச்சாரியார். 1852இல் செங்கற்பட்டை அடுத்த பொன்விளைந்த களத்தூரில் பிறந்தவர். சேலம் நகராட்சி மன்ற உறுப்பினராகவும் இருந்தவர். 1882இல் சேலத்தில் மூண்ட கலவரத்தைத் தூண்டியவர் என்று அவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. அமர்வு நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது.

விடுதலையோடு மனநிறைவு கொண்டு வீடு திரும்புவோரே உலகில் மிகுதி. விஜயராகவாச்சாரியார் அவ்வாறு அமையவில்லை. நகராட்சி மன்ற உறுப்பினர் பதவியிலிருந்து தம்மை நீக்கிய அரசின் ஆணை முறையற்றது எனக் கூறி, இந்திய அமைச்சரையே எதிர்வாதியாக்கி வழக்குத் தொடுத்தார், வெற்றியும் பெற்றார். அவர் பெற்ற இழப்பீடு நூறு ரூபாய். தொகை சிறிதுதான். ஆயினும் ஆளும் அரசு தவறிழைத்தால் குடிமகன் அதனை நீதிமன்றத்திற்கு இழுக்கலாம் என்பதைச் சேலம் அன்று கண்டது. அக்காலத்தில் அவருக்குத் துணைநிற்க எழுதப்பட்ட அடிப்படை உரிமை எதுவும் இந்நாட்டில் இல்லை என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

தோல் ஏட்டில் ஒரு வாக்குறுதி

எழுதப்பட்ட உரிமையின் வரலாறு நெடியது. 1215ஆம் ஆண்டு ஜூன் 15 அன்று, இங்கிலாந்தின் ஜான் மன்னர் தம் பிரபுக்களின் நெருக்குதலுக்குப் பணிந்து ‘மாக்ன கார்ட்டா’ எனும் பெரும் பட்டயத்தை ஏற்றார். நாட்டுச் சட்டத்தின்படியன்றிச் சுதந்திர மனிதர் எவரையும் சிறையிடலாகாது என்பது அதன் கூறுகளுள் ஒன்று. ‘சுதந்திர மனிதர்’ என்ற சொல்லுக்குள் அன்றைய உழவர்களுள் பெரும்பாலோர் அடங்கவில்லை. எனினும் மன்னனும் சட்டத்திற்கு உட்பட்டவனே என்ற எண்ணம் தோல் ஏட்டில் ஏறிவிட்டது.

அப்பட்டயம் 1297இல் மீண்டும் வெளியிடப்பட்டது. அதன் படி ஒன்று 2007 டிசம்பரில் நியூயார்க்கில் ஏலத்திற்கு வந்தபோது, டேவிட் ரூபன்ஸ்டைன் என்ற அமெரிக்கச் செல்வர் 2 கோடியே 13 இலட்சம் டாலருக்கு அதனைப் பெற்றார். தம் வீட்டில் பூட்டி வைக்காமல், மக்கள் காணும் வகையில் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்திடம் அளித்தார். மூல ஆவணத்தை நேரில் காண்போர்க்கு அதனை அறியும் வேட்கை பிறக்கும் என்பதைப் பொதுமேடைகளில் அவர் வலியுறுத்தி வருகிறார்.

நாகபுரி முதல் புதுதில்லி வரை

விஜயராகவாச்சாரியார் 1920 டிசம்பரில் நாகபுரியில் கூடிய காங்கிரசு மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். ஒத்துழையாமை குறித்துக் காந்தியடிகளோடு அவருக்குக் கருத்து வேறுபாடு இருந்தது. இருந்தும் அவர் தலைமை தாங்கிய அந்த மாநாட்டில்தான் காங்கிரசின் புதிய அமைப்பு விதிகள் நிறைவேறின. நாலணாக் கட்டணத்தில் எளியோரும் உறுப்பினராக வழி பிறந்தது. மாகாணக் குழுக்கள் மொழிவழியில் அமைந்தன. விடுதலையைக் காணாமலே 1944இல் அவர் மறைந்தார்.

அரசியல் நிருணய சபை 1946 டிசம்பர் 9 அன்று கூடியது. அதன் உறுப்பினர்களுள் ஒருவர், திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் ஜமீன்தார் ப. சுப்பராயன். சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக முன்னரே பணியாற்றியவர் அவர்.

அச்சபையில் நடந்த விவாதங்களுள் தனிமனித விடுதலை பற்றியது கூர்மையானது. சட்டம் வகுத்த நடைமுறைப்படியன்றி ஒருவரின் உயிரையோ விடுதலையையோ பறிக்கலாகாது என்று வரைவு கூறியது. சட்டமே கொடியதாயின் என் செய்வது? நடைமுறை நேர்மையானதா என நீதிமன்றம் ஆராய இடமளிக்கும் அமெரிக்கச் சொல்லாட்சி வேண்டும் என்று உறுப்பினர் பலர் வாதிட்டனர், அது ஏற்கப்படவில்லை. அக்குறையை ஓரளவு ஈடுசெய்ய, 1949 செப்டம்பரில் அம்பேத்கர் புதிய கூறு ஒன்றைக் கொணர்ந்தார். அதுவே இன்றைய 22ஆம் உறுப்பு. கைது செய்யப்பட்டவருக்குக் காரணம் கூறப்பட வேண்டும். தாம் விரும்பும் வழக்குரைஞரை அவர் கலந்துகொள்ளலாம். 24 மணி நேரத்திற்குள், பயண நேரம் நீங்கலாக, நடுவர்முன் அவர் நிறுத்தப்பட வேண்டும். எனினும் அதே உறுப்பு தடுப்புக் காவலுக்கும் இடமளித்தது. சிலருக்கு அது அன்றே மனக்குறையாயிற்று. நடைமுறை நியாயமானதாகவும் இருத்தல் வேண்டும் என உச்சநீதிமன்றம் மேனகா காந்தி வழக்கில் உரைக்க 1978 வரை காத்திருக்க நேர்ந்தது.

கையெழுத்துப் படி

1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்ட அரசமைப்பின் ஆங்கிலப் படியைப் பிரேம் பிகாரி நாராயண் ரைசாதா கையாலேயே எழுதினார். அதற்கு அவர் ஊதியம் பெறவில்லை. பக்கந்தோறும் தம் பெயரையும், இறுதிப் பக்கத்தில் தம் பாட்டனாரின் பெயரையும் பொறிக்க மட்டும் இசைவு கேட்டார். நந்தலால் போஸும் சாந்திநிகேதன் ஓவியர்களும் ஏடுகளை அணி செய்தனர். 1950 சனவரி 24 அன்று உறுப்பினர்கள் அதில் கையொப்பமிட்டனர். நைட்ரஜன் நிரம்பிய கண்ணாடிப் பேழையில் நாடாளுமன்றம் அதனைக் காத்து வருகிறது.

இரு நாள்கள் கழித்து, சனவரி 26 காலையில், இந்தியா குடியரசாயிற்று என்னும் அறிவிப்பைப் படித்தவர் தலைமை ஆளுநர் இராஜாஜி. சேலம் நீதிமன்றங்களில் வாதாடியவர்; சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர்; திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925இல் காந்தி ஆசிரமம் நிறுவியவர். அறிவிப்பு முடிந்ததும் இராசேந்திர பிரசாத் முதல் குடியரசுத் தலைவராக உறுதிமொழி ஏற்றார். இராஜாஜியின் பதவி அத்துடன் இல்லாமற்போயிற்று.