ஒருபொருட் சொற்களின் நுண்வேற்றுமை

ஒரு பொருளைக் குறிக்கப் பல சொற்கள் அமைவது வளர்ந்த மொழிகளின் இயல்பு. ஆங்கிலத்தில் இவ்வியல்பு பெரிதும் காணப்படும். அந்நாட்டு வரலாறே அதற்குத் தலையாய காரணம் எனலாம்.

1066ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டைச் சார்ந்த நார்மண்டியின் கோமகனாகிய வில்லியம் இங்கிலாந்தை வென்று அரியணை ஏறினான். அதன்பின் அரசவையில் பிரெஞ்சு மொழி கோலோச்சியது. உழவரும் இடையரும் தம் பழைய ஆங்கிலத்தையே பேசிவந்தனர். தொழுவில் நிற்கும் ஆட்டைக் குறிக்கும் 'ஷீப்' என்பது பழைய ஆங்கிலச் சொல். அதன் இறைச்சியைக் குறிக்கும் 'மட்டன்' என்பதோ பிரெஞ்சு வழிவந்த சொல். வளர்த்தவன் மொழி ஒன்று. உண்டவன் மொழி மற்றொன்று! பின்னர், மறுமலர்ச்சிக் காலத்து அறிஞர்கள் இலத்தீன் சொற்கள் பலவற்றைக் கொணர்ந்தனர்.

இங்ஙனம் வந்துசேர்ந்த சொற்களுட் பல, பழைய சொற்களை அழித்துவிடாமல் தமக்கெனத் தனிப்பொருள் பெற்று நிலைத்தன. கேட்டல் என்னும் பொருளில் 'ஆஸ்க்', 'குவெஸ்சன்', 'இன்டெராகேட்' என மூன்று சொற்கள் உள்ளன. வழிப்போக்கன் வழி கேட்பது முதற்சொல்லால் குறிக்கப்பெறும். ஐயுற்று ஒருவரை வினவுதல் இரண்டாவது சொல்லின் பொருள். காவலர் ஒருவரை இருத்தி நெடுநேரம் துருவி விசாரித்தல் மூன்றாவதன் பொருள். ஆசிரியர் மாணவனை 'இன்டெராகேட்' செய்தார் என்று எழுதினால், படிப்போர் அம்மாணவனைக் குற்றவாளியாகவே கருதுவர் அன்றோ?

சில சொற்கள் பொருளால் நெருங்கியும் மதிப்பால் விலகியும் நிற்கும். அளவறிந்து செலவிடுபவரைத் 'திரிஃப்டி' என்பர், இது புகழுரை. 'ஸ்டிஞ்சி' என்றால் கஞ்சர் என்னும் இகழுரையாகிவிடும். இவ்வாறே, ஒருவர் கூறியதை 'செட்' என்று எழுதுவது செய்தியை உள்ளவாறு தருவதாகும். 'கிளெய்ம்டு' என்றாலோ, அவர் கூற்று மெய்தானா என்னும் ஐயம் படிப்போர் உள்ளத்தில் எழும். சான்று எதுவும் காட்டாமலே ஒருவர் நேர்மையைக் குறைத்துக் காட்ட அவ்வொரு சொல் போதும்.

இலண்டனில் பிறந்த மருத்துவர் பீட்டர் மார்க் ரோஜட் என்பார், பொருளால் தொடர்புடைய ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து 1852ஆம் ஆண்டில் 'தெசாரஸ்' என்னும் நூலை வெளியிட்டார். அந்நூல் சொற்களை இனம் இனமாக நிரல்படுத்தியதேயன்றி, அவற்றின் வேற்றுமைகளை விளக்க முற்படவில்லை. ஆதலின் அத்தகைய தொகுப்பிலிருந்து கண்ணிற்கு அழகிய சொல்லை எடுத்தாள்வது பிழைக்கு இடமாகும்.

மாணவர்களே! ஒரு சொல்லைக் கையாளுமுன் அஃது எங்கே, எவரைப் பற்றி, எவ்வுணர்வோடு வழங்குகிறது என அகராதியிலும் நல்லோர் நூல்களிலும் ஆராய்ந்து காணுங்கள். பிறரைப் பற்றி எழுதும்போது இவ்வாராய்ச்சி இன்றியமையாதது. அவர்தம் நற்பெயர் நாம் தேரும் சொல்லில் அடங்கியிருக்கின்றது.