சுதேசி மென்பொருள் மட்டும் போதுமா?

புது தில்லி: மத்திய தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், தமது பணிகளுக்கு ஸோஹோ மென்பொருளுக்கு மாறுவதாக 2025 செப்டம்பரில் அறிவித்தார். அடுத்த மாதமே மத்திய கல்வி அமைச்சகமும் தனது அதிகாரிகளை அதைப் பயன்படுத்துமாறு பணித்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்துக்குக் கிடைத்த இந்த ஆதரவு தமிழகத்துக்குப் பெருமைதான். எனினும், மைக்ரோசாஃப்டின் ஆபீஸ் மென்பொருளைப் போலவே இதன் மூலநிரலும் விற்பனையாளரின் கையிலேயே இருக்கிறது.

மூலநிரல் யாவருக்கும் திறந்திருக்கும் மென்பொருளுக்கே முன்னுரிமை என்று மத்திய அரசு 2015 மார்ச்சில் கொள்கை வகுத்தது. சுதேசி முழக்கத்தில் அக்கொள்கை பின்னுக்குத் தள்ளப்பட்டுவிடக் கூடாது.

மென்பொருளை உருவாக்கத்தான் பெரும் செலவு. பிரதி எடுக்க ஏறக்குறைய செலவே இல்லை. ஆயினும், தனியுரிம நிறுவனங்கள் பயன்படுத்துவோரின் எண்ணிக்கைக்கேற்ப உரிமக் கட்டணம் வசூலிக்கின்றன. திறந்த மூல மென்பொருளுக்கு அக்கட்டணம் கிடையாது. ஆனால் பராமரிப்புக்கும் பயிற்சிக்கும் பணம் வேண்டும். அந்தச் சேவையை விற்றே வளர்ந்த ரெட் ஹேட் நிறுவனத்தை ஐபிஎம் 2019-இல் சுமார் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது.

சேவை திருப்தியளிக்காவிட்டால், அதே மென்பொருளை வைத்துக்கொண்டு வேறு நிறுவனத்தை அமர்த்தலாம் என்பதே அரசுக்கு ஆதாயம். தனியுரிம மென்பொருளிலோ கோப்புகளும் ஊழியர்களின் பழக்கமும் ஒரே நிறுவனத்துடன் பிணைந்துவிடுகின்றன. கட்டணம் உயர்ந்தாலும் விலகுவது எளிதல்ல.

முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. கேரள அரசுப் பள்ளிகள் 2000-களிலேயே லினக்ஸுக்கு மாறின. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், இந்திய மொழிகளில் இயங்கும் 'பாஸ்' லினக்ஸை 2007-இல் சென்னையிலிருந்து வெளியிட்டது.

ஒப்பந்தப்புள்ளி கோரும் துறைகள் இருவகை மென்பொருள்களையும் ஆயுட்காலச் செலவு, பாதுகாப்பு, கட்டுப்பாடு ஆகியவற்றின் அடிப்படையில் ஒப்பிட வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டுக் கொள்கை. திறந்த மூல மென்பொருளைத் தவிர்க்கும் விற்பனையாளர் காரணம் கூற வேண்டும். ஆனால் அவசரத் தேவை, திறன் பற்றாக்குறை, பொருத்தமான மென்பொருள் இல்லாமை எனப் பல விதிவிலக்குகளும் அதிலேயே உள்ளன. அவற்றைக் காட்டி எந்தத் துறையும் நழுவிவிட முடியும்.

எந்தெந்தத் துறைகள் இந்த ஒப்பீட்டைச் செய்தன, எவை விதிவிலக்கு கோரின, என்ன காரணம் கூறின என்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும். செலவாவது மக்களின் வரிப்பணம்; அடைபடுவது மக்களின் ஆவணங்கள்.