கோகார்ட் வாங்கப் போகிறீர்களா? விலையைக் கேட்க முன் உங்கள் வீதியைப் பாருங்கள்

வவுனியா நகரில் குழந்தைகளுக்கான பொருட்களை விற்கும் சிறிய கடையொன்றை நான் நடத்தி வருகின்றேன். இந்த வாரம் எழுத எடுத்துக்கொண்டது கோகார்ட் என்று எமது பகுதியில் சொல்லப்படும் குழந்தை வண்டில் பற்றியதாகும். இதை எழுதுவதற்கு எனக்கொரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகின்றேன்.

2016 ஆம் ஆண்டு முல்லைத்தீவுப் பக்கமிருந்து இளம் தாய் ஒருவர் தனது உம்மாவுடன் கடைக்கு வந்தார். கையில் இரண்டு மாதக் குழந்தை. மாப்பிள்ளை வெளிநாட்டில். சிசேரியன் செய்திருந்ததால் பாரம் தூக்க வேண்டாம் என வைத்தியர் சொல்லியிருக்கிறார். கிளினிக்குக்குப் போய்வர ஒரு வண்டில் வேண்டும், ஆனால் அதிகம் செலவழிக்க முடியாது என்றார்கள். நான் கடையிலிருந்த ஆகக் குறைந்த விலை வண்டிலை எடுத்துக் காட்டினேன். குடை போல் மடியும் சிறிய வண்டில் அது. அவர்களும் சந்தோசமாக வாங்கிச் சென்றார்கள். குழந்தையின் வயதை நான் கேட்டேன், ஆனால் யோசிக்கவில்லை. வீதி எப்படி என்று கேட்கவே இல்லை.

மூன்று வாரம் கழித்து அப்பெண்ணின் வாப்பா அந்த வண்டிலைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்திறங்கினார். முன் சில்லு கிரவல் ரோட்டில் உடைந்து கழன்றிருந்தது. அதைவிடப் பெரிய விடயம், அதில் இருத்திய குழந்தையின் தலை நெஞ்சில் சரிந்து மூச்சுவிடச் சிரமப்பட்டிருக்கிறது. தாய் உடனே கண்டதால் தப்பியது. நான் காசைத் திருப்பிக் கொடுக்க முனைந்தேன். அவர் வாங்கவில்லை. "புள்ளைக்கு ஒண்டும் நடக்கேல்ல தம்பி, அது போதும். அடுத்த ஆளுக்கு விக்கேக்க சொல்லிக் குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதைத்தான் இங்கே செய்கின்றேன்.

மூன்று வகைகள்

சந்தையில் எத்தனையோ பெயர்களில் வண்டில்கள் வந்தாலும் அடிப்படையில் மூன்று வகைகளே உள்ளன.

முதலாவது, தொட்டில் போல் தட்டையாக அமைந்த பிராம். பிறந்த குழந்தைக்கு மிக நல்லது. ஆனால் பெரியது, பாரமானது. சில மாதங்களில் குழந்தை எழுந்து உட்காரத் தொடங்கியதும் பயனற்றுப் போய்விடும்.

இரண்டாவது, குடை போல் மடியும் இலேசான வண்டில். இதை வடிவமைத்தவர் ஓவன் மெக்லாரன் என்ற பிரித்தானியப் பொறியியலாளர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் தரையிறங்கு சில்லுப் பகுதியை உருவாக்கியவரும் இவரே. விமானத்தில் கற்றுக்கொண்ட மடிப்பு முறையையும் அலுமினியக் குழாய்களையும் வைத்து 1965 இல் ஏறத்தாழ 2.7 கிலோ எடையுள்ள வண்டிலொன்றை அவர் உருவாக்கினார். இன்று நாம் காணும் மலிவான வண்டில்கள் பெரும்பாலும் அதன் வழி வந்தவையே. ஆனால் அது சீரான நடைபாதைக்கும் உட்காரத் தெரிந்த குழந்தைக்கும் பொருந்துவது என்பதை மறந்துவிடக் கூடாது.

மூன்றாவது, இரண்டுக்கும் இடைப்பட்டது. முதுகுச் சாய்வைப் படுக்கை வரை இறக்கலாம், பின்னர் நிமிர்த்தலாம். எடை பொதுவாக 7 முதல் 9 கிலோ வரை இருக்கும். பிறந்த நாளிலிருந்து மூன்று வயது வரை ஒரே வண்டிலைப் பாவிக்க விரும்பும் நடுத்தரக் குடும்பத்துக்கு நான் இன்று இதையே காட்டுகின்றேன்.

முதலில் குழந்தையின் வயது

ஏறத்தாழ ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தனியாக உட்கார முடியாது. கழுத்துத் தசைகள் பலமற்றவை. நிமிர்ந்த ஆசனத்தில் வைத்தால் தலை முன்னால் சரிந்து மூச்சுக்குழாய் மடிபடக்கூடும். எனவே பிறந்த குழந்தைக்கு வாங்குவதாயின் ஆசனம் தட்டையாகச் சாய வேண்டும். ஐரோப்பியத் தரமான ஈ.என். 1888 பிறப்பிலிருந்து பாவிக்கும் வண்டிலில் ஆசனத்துக்கும் முதுகுப் பகுதிக்கும் இடையில் 150 பாகையாவது இருக்க வேண்டும் என்கிறது. கடையில் பாகைமானி தேவையில்லை. முதுகுப் பகுதியை முழுதாக இறக்கி, ஆசனத்தில் ஒரு தண்ணீர்ப் போத்தலை நிமிர்த்தி வையுங்கள். முதுகுப் பகுதி போத்தல் பக்கம் நெருங்கி நிமிர்ந்து நின்றால் அது பச்சிளம் குழந்தைக்கு உரியதல்ல. ஏறக்குறையக் கட்டில் போல் கிடந்தால் சரி.

எமது வீதிக்கு எந்தச் சில்லு?

ஏ9 வீதி காபட் போடப்பட்டு அழகாக உள்ளது. ஆனால் குழந்தையுள்ள வீடுகள் எல்லாம் ஏ9 ஓரத்தில் இல்லை. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு போகும் பாதையில் இறங்கி உள்ளே போனால் கிரவல், செம்மண், கரையோரத்தில் மணல். நடைபாதை என்பது நகரத்தில்கூடச் சில இடங்களில்தான்.

நாலைந்து அங்குல விட்டமுள்ள கடினப் பிளாஸ்டிக் சில்லு ஆஸ்பத்திரி வராந்தாவில் நன்றாக ஓடும். கிரவலில் ஒவ்வொரு கல்லிலும் முட்டி நிற்கும். எமது பகுதிக்கு ஆறேழு அங்குலத்துக்குக் குறையாத சில்லைத் தேடுங்கள். காற்றடிக்கும் டயர் குலுக்கலைக் குறைக்கும், ஆனால் நெருஞ்சி முள் நிறைந்த ஒழுங்கையில் அடிக்கடி பஞ்சர் ஒட்ட வேண்டி வரும். ஈ.வி.ஏ. எனப்படும் நுரை ரப்பர் சில்லு இரண்டுக்கும் நடுவானது. பஞ்சர் ஆகாது, சத்தமும் குறைவு.

முன் சில்லு எல்லாப் பக்கமும் சுழல்வதாக இருந்தால், அதை நேராகப் பூட்டும் வசதி உண்டா எனப் பாருங்கள். கிரவலில் பூட்டித் தள்ளினால்தான் வண்டில் நேராகப் போகும். மணலில் எந்த வண்டிலும் தள்ளுவது கடினம். வண்டிலைத் திருப்பிப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போவது இலகு.

வடகீழ்ப் பருவமழை நனைக்கும் எமது பகுதியில் சாதாரண இரும்புச் சட்டம் துருப்பிடிக்கும். அலுமினியம் சற்று விலை கூடினாலும் துருப்பிடிக்காது. இரும்புதான் எனில் பெயின்ட் உரிந்துள்ளதா, மூட்டுகள் ஆடுகின்றனவா என்று பாருங்கள்.

மடிப்பும் பாரமும்

குழந்தையோடு கிளினிக் போகும் தாய் பெரும்பாலும் தனியாகவே போகிறார். பிறந்து 2, 4, 6 ஆம் மாதங்களிலும், பின்னர் 9, 12, 18 ஆம் மாதங்களிலும் தடுப்பூசி உண்டு. நிறை பார்க்கும் நாட்கள் வேறு. பஸ்ஸிலோ முச்சக்கர வண்டியிலோ ஏற வேண்டுமானால் வண்டிலை மடிக்க வேண்டும். எனவே வாங்க வரும் தாயிடம் நான் சொல்வது, "ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மற்றக் கையால் இதை மடித்துப் பாருங்கள் தங்கச்சி." கடைக்காரர் மடித்துக் காட்டுவதைப் பார்த்து வாங்க வேண்டாம். அவருக்கு அது பழக்கம்.

உங்கள் பயணம் முழுவதும் மோட்டார் சைக்கிளில்தான் என்றால் உண்மையைச் சொல்கின்றேன், வண்டில் உங்களுக்குப் பெரிதாக உதவாது. நெஞ்சில் கட்டும் துணிக் கேரியர் ஒன்றை வாங்கி மிச்சக் காசைச் சேமியுங்கள். என் வியாபாரம் ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை.

விட்டுக்கொடுக்கக் கூடாதவை

விலையைக் குறைக்க அலங்காரத்தை விடலாம், கோப்பை வைக்கும் இடத்தை விடலாம். பின்வரும் விடயங்களை விட முடியாது.

பட்டி: இரு தோள், இரு இடை, கால்களுக்கு நடுவில் ஒன்று என ஐந்து முனைப் பட்டி வேண்டும். இடுப்புப் பட்டி மட்டும் இருந்தால் குழந்தை கீழே வழுகும், அல்லது எழுந்து நின்று விழும்.

பிரேக்: பின் சில்லுகள் இரண்டையும் பிடிக்க வேண்டும். சரிவில் வைத்துப் பாருங்கள்.

மடிப்பு மூட்டு: 2009 நவம்பரில் அமெரிக்காவில் மெக்லாரன் நிறுவனம் ஏறத்தாழ 10 இலட்சம் வண்டில்களுக்குக் கீல் மூடிகளை வழங்க நேர்ந்தது. விரிக்கும்போது கீலுக்குள் அகப்பட்டுக் குழந்தைகளின் விரல் நுனி துண்டான 12 சம்பவங்கள் பதிவாகியிருந்தன. பெயர் பெற்ற வண்டிலுக்கே இந்நிலை எனில் பெயர் தெரியாதவற்றை நாம்தான் பரிசோதிக்க வேண்டும். மூட்டுகள் மூடியிருக்கின்றனவா, விரித்தபின் தானாக மடியாதபடி இரண்டாவது பூட்டு உள்ளதா எனப் பாருங்கள். எந்த வண்டிலானாலும் விரித்து முடியும் வரை குழந்தையை எட்டத்தில் வையுங்கள்.

வாங்கிய பின்னும் இரு தவறுகளைப் பலர் செய்கிறார்கள். மரக்கறிப் பையைக் கைபிடியில் தொங்கவிடுவது ஒன்று. இலேசான வண்டில் குழந்தையோடு பின்னால் கவிழும். சாமானைக் கீழ்க் கூடையில் வையுங்கள். வெயிலுக்கு வண்டிலை முழுதாகத் துணியால் மூடுவது மற்றது. 2014 இல் சுவீடன் பத்திரிகை ஒன்று செய்து பார்த்தபோது, மெல்லிய துணியால் மூடிய வண்டிலின் உள்ளே 22 பாகையாக இருந்த வெப்பம் அரை மணி நேரத்தில் 34 பாகையானது. அது சுவீடன் வெயில். எமது வெயிலுக்கு என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிடலாம். கூரை அகன்ற வண்டிலைத் தெரிவு செய்து, காற்றோட்டத்துக்கு வழி விடுங்கள்.

விலைக் கணக்கு

வண்டில்கள் எமக்குக் கொழும்புப் புறக்கோட்டை மொத்தக் கடைகளிலிருந்து வருகின்றன. இறக்குமதிப் பொருள் என்பதால் டொலரோடு விலை ஏறும். 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. பின்னர் ஓரளவு இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. 2024 ஜனவரியில் வற் வரியும் 15 இலிருந்து 18 வீதமானது. ஆகவே "மாமா மகள் ஆறு வருசத்துக்கு முன் வாங்கிய விலைக்குத் தாருங்கள்" என்று கேட்டால் எந்தக் கடைக்காரராலும் தர முடியாது.

ஆனால் மலிவு எது என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, 12,000 ரூபா வண்டில் எட்டு மாதத்தில் உடைந்தால் மாதத்துக்கு 1,500 ரூபா செலவு. 28,000 ரூபா வண்டிலை மூன்று வருடம் பாவித்து 10,000 ரூபாவுக்கு விற்றால், 18,000 ரூபாவை 36 மாதத்தால் பிரிக்க மாதத்துக்கு 500 ரூபா மட்டுமே. அடுத்த குழந்தைக்கும் எடுத்தால் இன்னும் குறையும்.

பாவித்த வண்டில் வாங்குவதும் நல்ல வழிதான். பட்டி, பூட்டு, பிரேக், சில்லு ஆகிய நான்கும் சரியாயின் கறை படிந்த துணியைக் கழுவிக்கொள்ளலாம். பட்டி அறுந்ததையும் சட்டம் வெடித்ததையும் இலவசமாகத் தந்தாலும் எடுக்காதீர்கள்.

பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி பாவனையாளர் கேட்டால் வியாபாரி அதைக் கொடுக்க வேண்டும். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிட 1977 என்ற இலக்கம் உள்ளது.

வியாபார சகோதரர்களுக்கு

நான் இப்போது கடைக்கு முன்னால் இரண்டு சாக்குக் கிரவல் கொட்டி வைத்திருக்கின்றேன். வாங்க வருபவர்கள் அதன் மேல் தள்ளிப் பார்க்கலாம். பிள்ளைக்கு எத்தனை மாதம், வீட்டுக்குப் போகும் ஒழுங்கை எப்படி, எதில் பயணம் செய்கிறீர்கள் என மூன்று கேள்விகள் கேட்கின்றேன். சில நாட்களில் விற்பனை இல்லாமலும் போகிறது. ஆனால் உடைந்த வண்டிலோடு ஒருவரும் திரும்பி வரவில்லை.

அந்த உடைந்த வண்டில் இன்றும் என் களஞ்சிய அறையில் கிடக்கிறது. புதிதாக வேலைக்குச் சேரும் பையனுக்கு முதல் நாள் அதைத்தான் காட்டுகின்றேன்.