நம் குழாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

விடியற்காலை நாலரை மணிக்குத் தோட்டத்து வீடுகளில் முதலில் கேட்பது குழாய்த் தண்ணீர் வாளியில் விழும் ஓசைதான். பெரட்டுக்குப் போகுமுன் சோறு வடிக்க வேண்டும். பிள்ளைகளைக் குளிப்பாட்ட வேண்டும். வேலைக்காட்டுக்குக் குடிதண்ணீர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் குழாயில் வெறுங்காற்று வந்துவிட்டால் அன்றைக்குப் படும் பாடு சொல்லி முடியாது. அப்படிப்பட்ட தண்ணீர் எங்கே பிறக்கிறது, யார் அதை அனுப்புகிறார்கள், எவ்வளவு தூரம் வந்து நம் வாளியை நிரப்புகிறது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவர்களிடம் இதைக் கேட்டேன். "மேட்டுத் தொட்டியிலிருந்து வருகிறது, ஐயா" என்றான் ஒருவன். "மழையிலிருந்து" என்றாள் ஒரு சிறுமி. இரண்டும் சரியான விடைதான். ஆனால் மழைக்கும் தொட்டிக்கும் இடையில் ஒரு நீண்ட கதை இருக்கிறது. பெரியவர்களாகிய நாமும் அறிந்திருக்க வேண்டிய கதை. சிலாங்கூர் மாநிலத்தை எடுத்துக்கொண்டு அதைச் சொல்கிறேன்.

ஆறுதான் பெரிய குழாய்

சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகிய மூன்று இடங்களுக்கும் ஒரே நிறுவனம் தண்ணீர் கொடுக்கிறது. முன்பு இது சிலாங்கூர் நீர் விநியோக இலாகாவாக இருந்தது. பின்னர் 2005 முதல் ‘சபாஷ்’ என்று நாம் அழைத்த நிறுவனத்தின் கையில் இருந்தது. இப்போது ‘ஆயர் சிலாங்கூர்’ என்ற மாநில நிறுவனம் நடத்துகிறது. ஆறுகளைக் காவல் காக்க ‘லுவாஸ்’ எனப்படும் சிலாங்கூர் நீர் மேலாண்மை வாரியம் 1999-இல் அமைக்கப்பட்டது. இவை ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்க, ‘ஸ்பான்’ எனும் தேசிய நீர்ச்சேவை ஆணையமும் உண்டு.

இந்த மூன்று இடங்களுக்கும் போகும் தண்ணீரில் நூற்றுக்கு அறுபது பங்குக்கும் மேல் சுங்கை சிலாங்கூர் என்ற ஒரே ஆற்றிலிருந்து கிடைக்கிறது. பிரேசர் மலைப் பக்கத்துக் காடுகளில் ஊற்றெடுத்து, கோலகுபு பாரு, ராசா, பெஸ்தாரி ஜெயா என்று இறங்கி, கோலசிலாங்கூரில் கடலில் கலக்கும் ஆறு இது. பெஸ்தாரி ஜெயா என்றால் பலருக்குத் தெரியாது. பத்தாங் பெர்ஜுந்தை என்றால் தெரியும்.

கோலகுபு பாருவுக்கு மேலே ஒரு பெரிய அணை இருக்கிறது. ஏறக்குறைய 23 கோடி கன மீட்டர் தண்ணீரைத் தேக்கும் அணை. அந்த அணையிலிருந்து நேராக ஒரு குழாய் போட்டு ஊருக்குத் தண்ணீர் கொண்டுவருகிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மை அதுவன்று. ஆற்றில் நீர் குறையும்போது அணையைத் திறந்து ஆற்றிலேயே விடுகிறார்கள். அந்தத் தண்ணீர் திறந்த ஆறாகவே பல மைல் ஓடி வருகிறது. கீழே பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் பெரிய இயந்திரங்கள் அதை இறைத்து, சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அனுப்புகின்றன. அங்கே படிகாரம் போன்ற மருந்தைக் கலந்து சேற்றைத் திரள வைத்து அடியில் படிய விடுகிறார்கள். பிறகு மணல் படுகையில் வடிகட்டி, கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்த்து, மேட்டுத் தொட்டிகளுக்கு ஏற்றுகிறார்கள். அங்கிருந்து இறங்குவதுதான் நம் வீட்டுக் குழாய்க்கு வருகிறது.

ஆகவே வாசகர்களே, நம் தண்ணீர்க் குழாயின் பெரும்பகுதி மூடியில்லாத குழாய். அது செம்பனைத் தோட்டங்களையும் கம்பங்களையும் தொழிற்பேட்டைகளையும் தொட்டுக்கொண்டு போகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வறட்சி தந்த பாடம்

1998-ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். எல் நினோ வறட்சியால் லங்காட், செமிஞ்சே, கிள்ளான் கேட்ஸ் அணைகள் வற்றின. கிள்ளான் பள்ளத்தாக்கில் பல மாதம் தண்ணீர் பங்கீடு செய்யப்பட்டது. 2014-இன் முற்பகுதியில் மறுபடியும் அதே நிலை. இரண்டு நாள் தண்ணீர் வரும், இரண்டு நாள் வராது என்று முறை வைத்தார்கள். பங்கீட்டுக் காலத்தில் எல்லாருக்கும் ஒரே துன்பம் என்று சொல்ல முடியாது. குழாயைத் திறந்துவிட்டதும் பள்ளத்தில் இருக்கிறவனுக்கும் பக்கத்தில் இருக்கிறவனுக்கும் முதலில் கிடைக்கும். மேட்டிலும் குழாயின் கடைசி முனையிலும் இருக்கும் வீடுகளுக்கு அழுத்தம் கூடிய பிறகே வரும். தோட்டத்து லயன்கள் பெரும்பாலும் எந்த முனையில் இருக்கின்றன என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

தண்ணீரைப் பெருக்க நிறுவனம் என்ன செய்தது? மூன்று வழிகளைக் கையாண்டது.

முதல் வழி, அணை கட்டித் தேக்குவது. சுங்கை திங்கி அணை 1990-களிலும் சுங்கை சிலாங்கூர் அணை 2000-களின் தொடக்கத்திலும் வந்தன. ஆனால் அணைக்கு விலை உண்டு. சுங்கை சிலாங்கூர் அணைக்காக கம்போங் கெராச்சி, கம்போங் பெரெத்தாக் என்ற இரண்டு தெமுவான் பூர்வகுடிக் கிராமங்கள் இடம்பெயர்ந்தன. தாத்தா பாட்டி நட்ட மரங்களையும் புதைத்த இடங்களையும் விட்டு அவர்கள் போனார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு, லயனை விட்டு மூட்டை கட்டிய நமக்கு அந்த வேதனை புரியாதா? ஆற்றின் முகத்துவாரத்தில் கம்போங் குவாந்தான் மின்மினிகள் உலகப் புகழ் பெற்றவை. மேலேயிருந்து வரும் நன்னீர் குறைந்து கடல்நீர் ஏறினால் அவை வாழும் பெரெம்பாங் மரங்கள் பாதிக்கப்படும் என்ற கவலையும் அந்த அணையோடு வந்தது.

இரண்டாம் வழி, தூரத்திலிருந்து கொண்டுவருவது. பகாங்கில் ஓடும் சுங்கை செமந்தான் நீரை இறைத்து, தித்திவங்சா மலைத்தொடரைக் குடைந்து 44.6 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் வழியாக உலு லங்காட்டுக்குக் கொண்டுவரும் திட்டம் அது. சுரங்க வேலை 2014-இல் முடிந்தது. ஒரு நாளைக்கு 189 கோடி லிட்டர் வரை கொண்டுவர வல்லது. அந்த நீரைச் சுத்திகரிக்க ‘லங்காட் 2’ நிலையம் கட்டப்பட்டது. அதன் முதற்கட்டம் மட்டும் நாளைக்கு 113 கோடி லிட்டர் தரக்கூடியது. மலைக்கு அந்தப் பக்கம் பெய்த மழையில் இந்தப் பக்கத்துத் தாய் அரிசி களைகிறாள் என்றால் அது சாதாரணக் காரியமா?

இந்த இரண்டாம் வழியோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெஸ்தாரி ஜெயாவில் ஈயம் தோண்டிய பழைய குட்டைகள் ஏராளம். மழைக்காலத்தில் அவற்றில் தண்ணீரைச் சேர்த்து வைத்து, வறட்சியில் ஆற்றுக்கு இறைத்து விடும் திட்டத்தை 2014 வறட்சிக்குப் பின் விரைவுபடுத்தினார்கள். ஈயம் தோண்டியதால் இந்த ஆறு பட்ட துன்பம் கொஞ்சமன்று. சுரங்க மணல் வந்து மூடியதால்தான் பழைய கோலகுபு நகரையே கைவிட்டு, கோலகுபு பாரு என்ற புதிய ஊரைக் கட்டினார்கள். அன்று ஆற்றைக் கெடுத்த அதே தொழில் விட்டுச்சென்ற பள்ளங்கள் இன்று ஆற்றுக்குக் கை கொடுக்கின்றன.

மூன்றாம் வழியைப் பற்றித்தான் நான் கொஞ்சம் விரிவாகப் பேச விரும்புகிறேன். இருக்கிற தண்ணீரை இழக்காமல் காப்பது அது.

ஒழுகும் குடம்

சுத்திகரித்து அனுப்பும் தண்ணீர் முழுவதும் வீடுகளுக்கு வந்து சேருவதில்லை. 2000-களின் தொடக்கத்தில் சிலாங்கூரில் நூறு குடம் அனுப்பினால் நாற்பது குடத்துக்கும் மேல் வழியிலேயே காணாமற்போனது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுக் குழாய்கள் வெடித்தும், இணைப்புகள் ஒழுகியும், தேய்ந்த மீட்டர்கள் குறைவாகக் காட்டியும், சிலர் திருட்டு இணைப்புப் போட்டும் அந்த நட்டம். பிறகு குழாய்களை மாற்றி மாற்றி அதைக் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். இன்றும் நாலில் ஒரு பங்குக்கும் மேல் இப்படிப் போகிறது. நாடு முழுதும் எடுத்துக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும்.

ஒழுகலைக் கண்டுபிடிக்கும் முறை சுவையானது. ஊரைச் சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நுழைவாயிலிலும் மீட்டர் வைக்கிறார்கள். விடியற்காலை இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் எல்லாரும் உறங்குவார்கள். அப்போதும் மீட்டர் வேகமாக ஓடினால், அந்த வட்டாரத்தில் எங்கோ குழாய் ஒழுகுகிறது என்று பொருள். வைத்தியர் நெஞ்சில் கருவி வைத்துக் கேட்பதுபோல, தொழிலாளர்கள் தரையில் கருவி வைத்து நிலத்தடிக் குழாயின் இரைச்சலைக் கேட்டுக் கேட்டு இடத்தைப் பிடிக்கிறார்கள். தெருவில் எப்போதும் ஈரமாக இருக்கும் ஓர் இடத்தை நீங்கள் பார்த்தால் நிறுவனத்துக்கோ தோட்ட அலுவலகத்துக்கோ சொல்லிவிடுங்கள்.

ஒரு வாய்க்காலில் கலந்த கழிவு

இழப்பில் மோசமானது வேறு. 2020 செப்டம்பர் 3-ஆம் தேதி, கொரோனாக் காலத்தில் கையை அடிக்கடி கழுவுங்கள் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 12 இலட்சம் கணக்குதாரர்களுக்குத் தண்ணீர் நின்றது. அணை நிரம்ப நீர் இருந்தது. இயந்திரத்திலும் பழுதில்லை. ரவாங் பக்கத்தில் சுங்கை கோங் என்ற சிற்றாற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்து, அந்த நாற்றம் சுங்கை சிலாங்கூருக்கு வந்து சேர்ந்தது. நான்கு சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட வேண்டியதாயிற்று. மணலும் படிகாரமும் சேற்றைத்தான் நீக்கும். இரசாயன நாற்றத்தை எளிதில் நீக்கிவிடாது. அதன்பின் சிலாங்கூர் சட்டமன்றம் தண்டனையைக் கடுமையாக்கியது. ஆற்றைக் கெடுப்பவனுக்கு அபராதம் 10 இலட்சம் வெள்ளி வரை உயர்ந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அணை கட்டவும் மலையைக் குடையவும் பல நூறு கோடி வெள்ளி செலவாகிறது. அத்தனையையும் ஒரு வாய்க்காலில் ஊற்றிய கழிவு சில மணி நேரத்தில் வீணாக்கிவிடுகிறது. ஆற்றைக் காப்பதைவிட மலிவான தண்ணீர்த் திட்டம் இல்லை. அதற்காக யாருடைய கிராமமும் மூழ்க வேண்டியதில்லை.

நம் பங்கும் நம் உரிமையும்

இந்த ஆறுகளின் கரையில் குடியிருப்பவர்களில் நாமும் அடக்கம். ஆகவே நம் பங்கு சிறிதன்று. புல்லுக்கு மருந்தடித்துவிட்டு வரும்போது தெளிப்பான் தோம்பை ஆற்றிலோ காணிலோ கழுவும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. பேராக்குவாட் மருந்தை 2020 சனவரி முதல் தடை செய்தாயிற்று. மற்ற மருந்துகளும் பால் அல்ல. கழுவிய தண்ணீரை மருந்தடித்த காட்டிலேயே தெளித்துவிடுங்கள். உரச் சாக்கையும் எண்ணெய் டின்னையும் ஆற்றில் எறியாதீர்கள். இரவில் லாரி வந்து ஆற்றோரம் எதையாவது கொட்டிவிட்டுப் போனால், நமக்கேன் வம்பு என்று இருக்க வேண்டாம். தோட்ட நிர்வாகத்திடமும் சுற்றுச்சூழல் இலாகாவிடமும் சொல்லுங்கள். நாற்றம் கீழே போய்ச் சேருமுன் முதலில் அறிபவர்கள் மேலே இருக்கும் நாம்தாம்.

பங்கு இருக்கும் இடத்தில் உரிமையும் இருக்கிறது. எண்பதுகளில் நான் சிறுவனாக இருந்த தோட்டத்தில் வரிசைக்கு ஒரு குழாய். காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை திறப்பார்கள். வாளி வரிசையில் அக்காமார் இடம் பிடிக்க, நாங்கள் காவல் நிற்போம். சண்டையும் அங்கேதான், சிரிப்பும் அங்கேதான். அது துரை தரும் சலுகை என்று பெரியவர்கள் நினைத்தார்கள். இன்று அப்படி நினைக்க வேண்டியதில்லை. 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம், வீடு கொடுக்கும் முதலாளி போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்கிறது. கிடைக்காத இடத்தில் தொழிற்சங்கக் கிளை வழியாகத் தொழிலாளர் இலாகாவுக்கு எழுதிக் கேட்கலாம்.

தோட்டத்தை விட்டுச் சிலாங்கூரில் வீடமைப்புப் பகுதிக்குக் குடிபோனவர்களுக்கு ஒரு சொல். 2008-இல் எல்லா வீட்டுக்கும் என்று தொடங்கிய மாதம் 20 கன மீட்டர் இலவசத் தண்ணீர், 2020 முதல் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மட்டுமே கிடைக்கிறது. அது தானாக வராது. மனுச் செய்து பதிய வேண்டும். 20 கன மீட்டர் என்பது 20,000 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 133 லிட்டர். நம் நாட்டில் ஒருவர் சராசரியாக 200 லிட்டருக்கு மேல் புழங்குகிறார். சற்றுச் சிக்கனமாக இருந்தால் பில் பயமில்லை.

தண்ணீர் தடைப்படும் நாளுக்கும் இரண்டு குறிப்புகள். மீண்டும் வரும் முதல் தண்ணீர் கலங்கலாக இருக்கும். அதைக் கீழே விடாமல் வாளியில் பிடித்துக் கழிவறைக்குப் பயன்படுத்துங்கள். சேமித்து வைத்த தண்ணீரை மூடி வையுங்கள். வாரம் ஒரு முறை தோம்பைத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். தண்ணீர்ப் பஞ்சம் தீர்ந்து டிங்கிக் காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போகக் கூடாதல்லவா?

சிறு துளி பெருவெள்ளம் என்று நம் பெரியோர் சொன்னார்கள். சிறு துளி நஞ்சும் பெருவெள்ளத்தைக் கெடுக்கும் என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.