கம்ப்யூட்டர் வாங்கினால் மட்டும் போதுமா? மின்னணு மருத்துவப் பதிவேடும் அரசு ஊக்கத்தொகையும்

பெரிய மருத்துவமனைக்குப் போனால் டாக்டர் முதலில் கேட்பது "பழைய ஃபைல் இருக்கிறதா?" என்பதைத்தான். இல்லையென்றால், போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையை மறுபடியும் எடுக்க வேண்டியிருக்கும். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதை நோயாளியே நினைவில் வைத்திருந்து சொல்ல வேண்டும். மயக்கத்தில் கிடப்பவர் என்ன சொல்வார்?

நோயாளியின் விவரங்களைக் காகிதத்தில் வைக்காமல் கணினியில் வைத்து, தேவைப்படும் இடத்தில் உடனே எடுத்துப் பார்ப்பதுதான் மின்னணு மருத்துவப் பதிவேடு. இந்த முறைக்கு மாறும் மருத்துவமனைகளுக்குப் பணம் தருவதாக அமெரிக்க அரசு 2009-இல் சட்டம் போட்டது. அந்தப் பணத்தைப் பெற மருத்துவமனைகள் என்ன செய்ய வேண்டியிருந்தது, எங்கே தடுக்கி விழுந்தன என்பதை நாமும் அறிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் இதே வகைத் திட்டம் இப்போது இந்தியாவிலும் வந்துவிட்டது.

அரசு ஏன் பணம் கொடுத்தது?

மருத்துவத் தவறுகளால் அமெரிக்க மருத்துவமனைகளில் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக 1999-இல் அந்நாட்டு மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. புரியாத கையெழுத்து, மாறிப்போன மருந்து, கவனிக்கப்படாத ஒவ்வாமை போன்ற தவிர்க்கக்கூடிய தவறுகளும் இதில் அடக்கம். 2005-இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது ஏராளமான நோயாளிகளின் காகிதக் கோப்புகள் தண்ணீரோடு போயின. ஆனால் முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு மருத்துவமனையின் பதிவேடுகள் கணினியில் இருந்ததால், அதன் நோயாளிகள் வேறு ஊர்களுக்கு இடம்பெயர்ந்த பிறகும் அங்கிருந்த மருத்துவர்களால் அவற்றைப் பார்க்க முடிந்தது.

பயன் தெரிந்தும் மருத்துவமனைகள் மாறவில்லை. செலவு அதிகம் என்பதே முக்கியக் காரணம். 2009-இல் வெளியான ஆய்வின்படி, அடிப்படை அளவிலாவது மின்னணுப் பதிவேடு வைத்திருந்த அமெரிக்க மருத்துவமனைகள் நூற்றுக்குப் பத்துகூட இல்லை. பொருளாதார வீழ்ச்சியைச் சமாளிக்க அதிபர் ஒபாமா 2009 பிப்ரவரி 17-இல் கையெழுத்திட்ட மீட்புச் சட்டத்தில், இதற்கென ஒரு பகுதி சேர்க்கப்பட்டது.

எவ்வளவு பணம்?

முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் வழியே தரப்பட்ட தொகைக்கு ஒரு கணக்கு இருந்தது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் அடிப்படையாக 20 லட்சம் டாலர். அதற்கு மேல், ஓராண்டில் டிஸ்சார்ஜ் ஆகும் உள்நோயாளிகளில் 1,150-ஆவது ஆளிலிருந்து 23,000-ஆவது ஆள் வரை தலைக்கு 200 டாலர். இந்தக் கூட்டுத்தொகையில், அந்த மருத்துவமனையில் மெடிகேர் நோயாளிகளின் பங்கு எவ்வளவோ அந்த அளவு கிடைக்கும். முதல் ஆண்டு முழுத்தொகை, அடுத்த ஆண்டுகளில் முக்கால், அரை, கால் எனக் குறையும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஆண்டுக்கு 5,000 பேர் டிஸ்சார்ஜ் ஆகும் மருத்துவமனைக்குக் கூட்டுத்தொகை 27,70,200 டாலர். மெடிகேர் பங்கு நூற்றுக்கு 40 என்றால் முதல் ஆண்டில் 11,08,080 டாலர் கிடைக்கும். நான்கு ஆண்டுகளையும் சேர்த்தால் சுமார் 27 லட்சத்து 70 ஆயிரம் டாலர். ஏழைகளுக்கு இலவச சிகிச்சை அளிக்கும் மருத்துவமனைகளின் பங்கு சற்றுக் கூடும்படியும் கணக்கு அமைந்திருந்தது.

இது ஒரு கை. மறு கையில் பிரம்பும் இருந்தது. 2015 நிதியாண்டு முதல் நிபந்தனையை நிறைவேற்றாத மருத்துவமனைகளுக்கு, ஆண்டுதோறும் மெடிகேர் கட்டணத்தில் வரவேண்டிய உயர்வு வெட்டப்படும்.

நிபந்தனை என்ன?

இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொண்டார்கள். கம்ப்யூட்டரும் மென்பொருளும் வாங்கிய பில்லைக் காட்டினால் பணம் வந்துவிடும் என்று நினைத்தார்கள். சட்டம் கேட்டது வாங்குவதை அல்ல, "பொருளுள்ள பயன்பாட்டை". சான்றிதழ் பெற்ற மென்பொருளாக இருக்க வேண்டும். அதை நோயாளியின் சிகிச்சையில் உண்மையாகப் பயன்படுத்த வேண்டும். பயன்படுத்தியதை எண்ணிக்கையோடு அரசுக்குச் சொல்ல வேண்டும்.

2010 ஜூலையில் வெளியான முதல் கட்ட விதிகளின்படி மருத்துவமனைகளுக்கு 14 கட்டாய இலக்குகள். மேலும் 10 இலக்குகள் கொண்ட பட்டியலிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில உதாரணங்கள்:

- மருந்து பெறும் நோயாளிகளில் நூற்றுக்கு 30 பேருக்கு மேல், குறைந்தது ஒரு மருந்தையாவது கணினி வழியே உத்தரவிட்டிருக்க வேண்டும்.
- நூற்றுக்கு 80 பேருக்கு மேல் நோய்ப் பட்டியல், மருந்துப் பட்டியல், ஒவ்வாமைப் பட்டியல் ஆகிய மூன்றும் பதிவாகியிருக்க வேண்டும். ஒவ்வாமை எதுவும் இல்லையென்றால் "இல்லை" என்று பதிய வேண்டும். காலியாக விடக் கூடாது.
- ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத மருந்துகளைப் பற்றிய எச்சரிக்கை இயங்க வேண்டும்.
- தன் மருத்துவ விவரங்களை மின்னணு வடிவில் கேட்கும் நோயாளிகளில் பாதிப் பேருக்கு மேல் மூன்று வேலை நாட்களுக்குள் தர வேண்டும்.
- பதிவேட்டின் பாதுகாப்புக் குறைகளை ஆராய்ந்து சரிசெய்ய வேண்டும்.

முதல் ஆண்டில் தொடர்ந்து 90 நாட்களுக்கு இவற்றைக் காட்ட வேண்டும். 19 இலக்குகளில் 18-ஐ முடித்து ஒன்றைத் தவறவிட்டாலும் பணம் கிடையாது. அமெரிக்க நிதியாண்டு செப்டம்பர் 30-இல் முடிவதால், 2011-க்கான தொகையைப் பெற விரும்பிய மருத்துவமனை ஜூலை 3-க்குள் அந்த 90 நாட்களைத் தொடங்கியாக வேண்டும். ஜூன் மாதம் மென்பொருள் வாங்கியவருக்கு அது எட்டாக் கனி.

தயாராவது எப்படி?

முதல் வேலை, இப்போது எந்தத் தகவல் எங்கே, யார் கையால் எழுதப்படுகிறது என்று வார்டு வார்டாகப் பார்ப்பது. நோயாளியின் எடையை நர்ஸ் ஒரு சீட்டிலும், டாக்டர் இன்னொரு தாளிலும் எழுதினால், கணினியில் அது எந்த இடத்தில் ஏறும்? டாக்டரின் குறிப்பில் வாக்கியமாக எழுதிய ஒவ்வாமையைக் கணினியால் எண்ண முடியாது. மருந்து உத்தரவிடும்போது எச்சரிக்கவும் முடியாது. அதற்கென உள்ள கட்டத்தில் பதிந்தால்தான் இரண்டும் நடக்கும்.

இரண்டாவது, மருத்துவர்களைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்வது. லாஸ் ஏஞ்சல்ஸின் புகழ்பெற்ற சீடர்ஸ்-சினாய் மருத்துவமனை 2002-இன் இறுதியில் கணினி வழி மருந்து உத்தரவு முறையைக் கொண்டுவந்தது. சில நொடிகளில் எழுதி முடித்ததற்குப் பல நிமிடங்கள் ஆகின்றன என்று மருத்துவர்கள் நூற்றுக்கணக்கில் எதிர்த்தார்கள். 2003 ஜனவரியில் அந்த முறை நிறுத்திவைக்கப்பட்டது. பயன்படுத்தப்போகிறவரைக் கேட்காமல் வாங்கிய கருவி எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் மூலையில்தான் கிடக்கும்.

மூன்றாவதுதான் மிக முக்கியம்: உயிர் காக்கும் வேலையின் ஓட்டம் எங்கும் அறுந்துவிடக் கூடாது. பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனை 2002-இல் கணினி உத்தரவு முறைக்கு மாறியது. மற்ற மருத்துவமனைகளிலிருந்து ஆம்புலன்ஸில் கொண்டுவரப்பட்ட குழந்தைகளிடையே இறப்பு விகிதம் 2.80 சதவீதத்திலிருந்து 6.57 சதவீதமாக உயர்ந்ததை அங்கிருந்த மருத்துவர்களே ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டார்கள். முன்பெல்லாம் குழந்தை வழியில் இருக்கும்போதே மருந்துகளுக்கு உத்தரவு எழுதித் தயாராக வைப்பார்கள். புதிய முறையில் குழந்தை வந்து சேர்ந்து, பதிவு முடிந்த பிறகுதான் கணினி உத்தரவை ஏற்றது. வார்டிலேயே இருந்த மருந்துகள் மத்திய மருந்தகத்துக்குப் போயின. படுக்கையருகே நின்றவர்களின் நேரம் கணினித் திரைக்குப் போனது.

அதே நிறுவனத்தின் மென்பொருளைத்தான் சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையும் நிறுவியது. அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் இறப்பு கூடவில்லை என்று 2006-இல் வெளியான ஆய்வு கூறியது. அடிக்கடி தேவைப்படும் உத்தரவுகளைத் தொகுப்புகளாக முன்கூட்டியே அவர்கள் கணினியில் ஏற்றி வைத்திருந்தார்கள். மென்பொருள் ஒன்றுதான், வேறுபட்டது தயாரிப்பு.

நான்காவது, பாதுகாப்பு. காகிதக் கோப்பைத் திருட ஒருவர் அறைக்குள் வர வேண்டும். கணினிக் கோப்பை எங்கிருந்தும் எடுக்கலாம். யாருக்கு எந்தப் பக்கம் திறக்கும், வேலையை விட்டுப் போனவரின் கடவுச்சொல் எப்போது முடக்கப்படும், தொலைந்த மடிக்கணினியில் என்ன இருந்தது என்பதையெல்லாம் எழுத்தில் ஆராய்ந்திருக்க வேண்டும். இது எண்ணிக்கை இலக்கு இல்லை என்பதால் பல இடங்களில் கடைசிக்குத் தள்ளப்பட்டது. பிறகு தணிக்கையில் சிக்கியதும் இதுதான்.

ஐந்தாவது, கணினி நின்றுபோகும் நாளுக்கான ஏற்பாடு. மின்சாரமோ சர்வரோ நின்றால், எந்தப் படிவத்தில் எழுதுவது, திரும்பி வந்ததும் யார் ஏற்றுவது என்பதை ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

கையெழுத்துக்குப் பின்னால் பொறுப்பு

இலக்குகளை அடைந்தோம் என்று மருத்துவமனையே அரசின் இணையதளத்தில் உறுதிமொழி அளிக்க வேண்டும். அதை நம்பித்தான் பணம் வந்தது. ஆதாரங்களை ஆறு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பது விதி. 90 நாட்கள் முடிந்த அன்றே அறிக்கைகளை அச்சிட்டு, தேதியோடு எடுத்து வைத்த மருத்துவமனைகள் தணிக்கையில் தப்பின. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்த சில மருத்துவமனைகள் வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டின.

பொய் சொன்னவர்களும் உண்டு. டெக்சாஸில் ஒரு மருத்துவமனையின் நிதி அதிகாரி, காகிதத்தையே பெரும்பாலும் நம்பியிருந்த தன் மருத்துவமனை இலக்கை எட்டிவிட்டதாக உறுதிமொழி கொடுத்தார். 2015-இல் அவருக்கு 23 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தனி மருத்துவர்களுக்குக் கொடுத்த தொகையில் சுமார் 73 கோடி டாலர் தகுதியில்லாமல் போயிருக்கக்கூடும் என்று 2017-இல் அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் மதிப்பிட்டது.

என்ன கிடைத்தது?

2015-க்குள் அமெரிக்க மருத்துவமனைகளில் நூற்றுக்கு 96, சான்றிதழ் பெற்ற மென்பொருளை வைத்திருந்தன. சில ஆண்டுகளில் இவ்வளவு பெரிய மாற்றம் பணம் இல்லாமல் நடந்திருக்காது. ஆனால் ஒரு மருத்துவமனையின் பதிவேடு அடுத்த மருத்துவமனையில் திறப்பது அதே வேகத்தில் நடக்கவில்லை. நோயாளியின் முகத்தைவிடத் திரையைத்தான் அதிக நேரம் பார்க்கிறோம் என்ற மருத்துவர்களின் மனக்குறையும் வளர்ந்தது. 2018-இல் அரசு திட்டத்தின் பெயரையே மாற்றி, தகவல் பரிமாற்றத்துக்கு முதலிடம் கொடுத்தது. எதை எண்ணினார்களோ அது நடந்தது, எண்ணாதது பின்தங்கியது.

நமக்கு என்ன பாடம்?

இந்தியாவில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் 2021 செப்டம்பர் 27-இல் நாடு முழுவதும் தொடங்கப்பட்டது. 14 இலக்க ஆபா எண்ணோடு மருத்துவப் பதிவுகளை இணைக்கும் மருத்துவமனைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் 2023 ஜனவரி முதல் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டும் பதிவுகளுக்குத் தொகை. உச்சவரம்பு 4 கோடி ரூபாய். இங்கேயும் பணம் பயன்பாட்டுக்குத்தான்.

அறக்கட்டளைகளும் ஜமாஅத்துகளும் நடத்தும் மருத்துவமனைகளின் நிர்வாகிகள், மென்பொருள் விற்பவரிடம் விலை கேட்பதற்கு முன் தங்கள் மருத்துவமனையிடம் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். மருந்து எழுதும் டாக்டரும் கொடுக்கும் நர்ஸும் இந்த முறையைப் பார்த்துச் சரி என்றார்களா? அவசர நோயாளி வாசலுக்கு வரும் முன்பே மருந்து தயாராகும் வழி இருக்கிறதா? நோயாளியின் சம்மதத்தை அவருக்குப் புரியும் மொழியில் கேட்கிறோமா? எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக வெற்றுப் பதிவுகளை ஏற்றும் ஆசைக்கு யார் தடை போடுவார்?

நோயாளிகளும் தங்கள் பங்குக்குக் கேட்கலாம். ஆபா எண் எடுப்பது விருப்பத்தின் பேரில்தான். யாருக்கு எந்தப் பதிவைக் காட்டுவது என்பதற்கு நம் ஒப்புதல் தேவை. டிஸ்சார்ஜ் ஆகும்போது மருந்துப் பட்டியலும் ஒவ்வாமை விவரமும் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். அடுத்த முறை நீங்கள் பேச முடியாத நிலையில் கொண்டுபோகப்பட்டால், அந்தப் பதிவுதான் உங்களுக்காகப் பேசும்.